கேட்காமல் வைத்த வால்வு

அப்பா சாத்துக்குடி உரிக்கிறார். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததுமே மஞ்சள் பையிலிருந்து எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, உள்ளே ஒட்டியிருக்கிற வெள்ளை நாரையெல்லாம் இழுத்துப் போட்டு, விதையைப் பிதுக்கி, ஒவ்வொரு சுளையாக என் உள்ளங்கையில் வைக்கிறார், வைத்துவிட்டு அடுத்த சுளைக்குப் போகிறார், நான் தின்கிறேனா என்றுகூடப் பார்ப்பதில்லை, தின்பேன் என்று அவருக்குத் தெரியும், எனக்கு என்ன வேண்டும் என்று எப்போதும் அவருக்குத் தெரியும். உள்ளங்கையில் சுளை கூடிக்கொண்டே போகிறது. சாறு விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டுக்கு வருகிறது. பிசுபிசுக்கிறது. இந்தக் கையை அப்படியே அவர் வெள்ளைச் சட்டையில் துடைத்தால் என்ன. துடைக்க மாட்டேன். எதிரே ஒரு பையன் அம்மா மடியில் தூங்குகிறான், கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் டாக்டர் எபனேசர் யாருக்கோ எதையோ கையை விரித்து மூடி விளக்குகிறார், மின்விசிறி சுற்றுகிறது, அது நின்றால் என் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். டிக் டிக் டிக். நெஞ்சுக்குள்ளிருந்து. வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். மதுரைக்கு வருகிற வழியில் பஸ் கோவில்பட்டியில் நின்று இன்ஜினை அணைத்ததும் பக்கத்து சீட்டு அம்மாள் தன் கைப்பையைத் திறந்து பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா அந்தப் பக்கம் சாய்ந்து சொன்னார், "கடிகாரம்தான், பைக்குள்ள கிடக்கு." பொய் அவருக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது என்பது எனக்கு இந்த மூன்று மாதத்தில்தான் தெரியும். இத்தனை வருஷமும் வந்திருக்கும், நான்தான் காது கொடுத்ததில்லை.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணுகிற போன் ஆபீசில் வேலை எனக்கு. எந்நேரமும் காதில் ஹெட்போன், அதற்குள் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள், ஏம்மா சிலிண்டர் இன்னும் வரல, ஏம்மா நீ மனுஷிதானா இல்ல மெஷினா, நான் சொல்வேன் உங்கள் சிரமம் புரிகிறது சார், கொஞ்சம் இருங்கள் சார். வடிவு மாதிரிப் பேசப் பழகுங்க என்று புதிதாக வருகிறவர்களுக்கு மேனேஜர் சொல்வார். இப்படிப் பேசவும் இப்படிக் கேட்கவும் எங்கே பழகினேன் என்றால் வீட்டில்தான். சின்னதில் தாத்தா கதை சொல்வார், நானும் ம் கொட்டுவேன், கொட்டாவிட்டால் குதிரை மேல் போகிற ராசா நடுக்காட்டில் அப்படியே நின்றுவிடுவான், அவன் பாவம், அதனால் தூக்கம் வந்தாலும் ம், பயமாக இருந்தாலும் ம், ராசா செய்வது அநியாயமாக இருந்தாலும் ம். கதை நகர வேண்டுமே. அப்பா சொன்னதற்கெல்லாம் அப்படித்தான் ம். பத்து வயதில் தொண்டை கட்டி, காய்ச்சல் வந்து, முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியது, வீக்கம் வடிந்தது, காய்ச்சல் போகிற போக்கில் இதயத்துக்குள் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. இடுப்பில். கெட்டி மருந்து, இறங்கும்போது கால் முழுக்க இழுக்கும். அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார், மழையானாலும் போவார், தேர் அன்றைக்கும் போவார், ஊசி போட்ட காலைத் தொங்கப்போட முடியாது என்று ஒரு கையால் ஹேண்டில்பாரையும் ஒரு கையால் என் காலையும் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு ஊசி தவறவிட்டதில்லை மனுஷன். இதை நினைக்கக் கூடாது. இதை நினைத்தால் கோபம் வழுக்குகிறது, பிடி கிடைக்காமல் போகிறது, நான் இப்போது கோபப்பட வேண்டும், இன்றைக்கு உள்ளே போய் வருகிற வரைக்குமாவது இந்தக் கோபம் எனக்கு வேண்டும். அவர் நல்லவராக இருந்ததுதான் என்னை இப்படிப் பண்ணியது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ வாயைத் திறந்திருப்பேன்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அதே அறையில்தான், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள். டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு வால்வை எடுத்து வைத்தார். அப்பா டீ வாங்கப் போயிருந்தார், அதனால்தான் டாக்டர் என்னிடம் பேசினார், இல்லாவிட்டால் அப்பாவிடம்தான் பேசியிருப்பார். ஒன்று வளையல் மாதிரி, சுற்றிலும் வெள்ளைத் துணி தைத்து, நடுவில் கறுப்பாக இரண்டு சின்னக் கதவு, ஆட்டினால் டக்கென்று மூடியது. இன்னொன்று வெளுப்பாக, பூ விரிய ஆரம்பித்த மாதிரி மூன்று இதழ், தொட்டால் மெத்தென்று இருந்தது. "உன் வயசுக்கு ரெண்டுமே வைக்கலாம்மா. இது உலோகம், காலத்துக்கும் உழைக்கும். ஆனா ரத்தம் கட்டாம இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரையோட பிள்ளை உண்டானா குழந்தைக்கு நல்லதில்ல. இது தோல், மாட்டு இதயத்தைச் சுத்தி இருக்கிற சவ்வுல செய்யறது. ஆயுசு முழுக்க அந்த மாத்திரை வேண்டாம். ஆனா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேயும், திரும்ப ஒரு ஆபரேஷன்." கேட்டுவிட்டு நான் அந்த வெளுத்ததைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எடையே இல்லை. எனக்குக் குழந்தை வேண்டும் என்று அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற விஷயமா அது, கல்யாணம் ஆகாத பெண் வாயால். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூச்சு வாங்காமல் மாடி ஏறி, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறேன், அப்படி ஒரு படம், எங்கிருந்து வந்ததோ. "இது சார்" என்றேன். "யோசிச்சுச் சொல்லு." "இதுதான் சார். திரும்பத் திறக்கணும்னா திறந்துக்கலாம்." டாக்டர் சிரித்தார், "தைரியமான பொண்ணுதான்" என்றார். என் வாழ்க்கையில் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அப்பா டீயோடு உள்ளே வந்தார். மேஜை மேல் இருந்ததைப் பார்த்தார். "இது என்னது சார்?" என்று கேட்டார். டாக்டர் சொன்னார். அப்பா கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை, அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார். நான் கவனித்தேன். கவனித்து என்ன பண்ண, ஆடை படிகிற டீயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் முழுக்க அவர் என்னுடன்தான் இருந்தார். ஒரு டப்பாவில் மூன்று பந்து, குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏறும், நுரையீரலைப் பழக்குவதற்கு, நான் இழுக்க இழுக்க அவர் கூடவே மூச்சை இழுத்தார், இரண்டாவது பந்து ஏறியதும் "ஏறிட்டுட்டி, ஏறிட்டு" என்று தொடையில் தட்டினார். சிவப்பு மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள், கழுத்திலிருந்து தொப்புள் வரை. குளியலறையில் கண்ணாடி இருந்தது. பார்த்துக்கொண்டேன், வெட்டாத நெஞ்சைக் கடைசியாக. திரும்பி வந்தபோது அப்பா வராந்தாக் கோடியில் சின்ன டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, கோயில் தர்மகர்த்தாவிடம் நிற்கிற மாதிரி. சின்ன டாக்டர் தலையை ஆட்டினார். என்னமோ மாத்திரை விஷயம் என்று நினைத்தேன். மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகிறபோது மேலே விளக்குகள் ஒன்று ஒன்றாகப் போயின, போட்ட ஊசியில் நாக்கு தடித்துவிட்டது, டாக்டர் எபனேசர் பச்சைத் தொப்பியோடு குனிந்து, "அப்பா எல்லாம் சொன்னாரும்மா, கவலைப்படாதே" என்றார். நான் ம் என்றேன். எதற்கு ம் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்க வேண்டாமா, என்ன சொன்னார், யார் சார்பில் சொன்னார், வண்டியை நிறுத்துங்கள் என்று கத்த வேண்டாமா. நாக்கு தடித்திருந்தது, சரி. தடிக்காவிட்டாலும் ம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுதான் எரிகிறது. ஒரு ஊரில் ஒரு ராசா, ராசாவுக்கு ஒரு மக, மக நெஞ்சுக்குள் ஒரு கதவு இத்துப்போச்சாம், தச்சன் வந்தானாம், எந்த மரத்தில் செய்யட்டும் என்று கேட்டானாம், ராசா மந்திரியைக் கேட்டான், மந்திரி சோசியனைக் கேட்டான், சோசியன் பல்லியைக் கேட்டான். மக எங்கே போனாள்? அவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கண் விழித்தபோது கடிகாரம். அதுதான் முதலில். உடம்பு வருவதற்கு முன்னால், வலி வருவதற்கு முன்னால் கடிகாரச் சத்தம், தலைமாட்டிலேயே யாரோ மாட்டி வைத்த மாதிரி. தொண்டைக்குள் குழாய், கை இரண்டும் கட்டில் கம்பியில் துணியால் கட்டியிருந்தது, வயிற்றுக்கு மேலே இரண்டு ரப்பர் குழாய் சிவப்பாக எதையோ வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தேன். இந்தச் சுவரில் கடிகாரம் இல்லை. அந்தச் சுவரில் இல்லை. நாகர்கோவில் நர்ஸ், அவள் பெயர் சுஜிலா என்று பின்னால் தெரிந்தது, என் கண் அலைவதைப் பார்த்துக் குனிந்து, "என்ன மோளே, சத்தமா? அது உனக்க வால்வுதான். பயப்படாத, பழகிரும்" என்றாள். எனக்கு முதலில் சந்தோஷம். உயிரோடு இருக்கிறேன். அப்புறம் ஒரு டிக், அடுத்த டிக், அதற்கு அடுத்த டிக்குக்கு நடுவில் எங்கேயோ புரிந்தது. தோல் சத்தம் போடாது. மெத்தென்று இருந்ததே அது, பூ மாதிரி, அது எங்கே. கத்தினேன். சத்தம் வரவில்லை, குழாய் இருக்கிறபோது சத்தம் வராது, மெஷின்தான் கத்தியது, பீப் பீப் என்று, சுஜிலா ஓடிவந்து நெஞ்சைத் தடவி "குழாயைக் கடிக்கப்படாது, கடிக்கப்படாது" என்றாள். அப்போதுதான் அப்பாவை உள்ளே விட்டார்கள். பச்சை அங்கி, தொப்பி, நெற்றியில் திருநீறு. என் நெற்றியிலும் பூசினார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுட்டி. நெல்லையப்பன் கைவிடல." நான் அவரையே பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வழிந்தது, அவர் துடைத்துவிட்டார். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அழுகை இல்லை அது, எனக்குத் தெரியும், உடம்பில் கட்டாத, குழாய் போகாத ஒரே ஓட்டை கண்தான், கோபம் அந்த வழியாக வந்தது. குழாயை எடுத்த பிறகு, குரல் தேங்காய் துருவுகிற மாதிரி வந்தபோது, முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன், "அப்பா, இரும்பா வச்சாங்க?" அவர் பிளாஸ்க் மூடியைத் திறந்துகொண்டே, "டாக்டர் உள்ள திறந்து பாத்துட்டு அதான் உனக்குத் தோதுன்னுட்டாரும்மா. நமக்கு என்ன தெரியும்" என்றார். நம்பினேன். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இருமினால் சுருட்டிய துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு இரண்டாகப் பிளப்பது போல இருக்கும், அந்த நிலைமையில் எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பனிமயம் பெரியம்மாவுக்கு. தூத்துக்குடிக்காரி, மீன் ஏலம் விடுகிற குரல், நெஞ்சைப் பிளந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. அவளுக்கு வைத்தது தோல். "ஏளா, ஒனக்கு இரும்பு, எனக்கு மாடு. ஒன்னைய காந்தம் இழுக்கும், என்னைய வைக்கோல் இழுக்கும். டாக்டரு வந்தா ம்மான்னு சொல்லிருவேனோன்னு பயமாக் கெடக்கு." சிரிக்க வைக்காதீங்க பெரியம்மா, கம்பி அறுந்துரும், என்று துண்டைக் கட்டிக்கொண்டு சிரிப்பேன், வலிக்கும், சிரிப்பேன். அப்படி ஒரு நாளில்தான் சித்தி வந்தாள். பகவதி சித்தி, சித்தப்பாவோடு, ஆப்பிளும் ஹார்லிக்ஸும். கட்டிலில் உட்காரக் கூடாது என்று எழுதியிருக்கிற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்தாள். என் நெஞ்சருகே காதைக் கொண்டுவந்து, "எங்க, கேக்கட்டும். அட, ஆமா! நம்ம வீட்டுச் சுவர்க் கடியாரம் மாதிரில்லா அடிக்கி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, தாழ்த்தினாலும் வார்டுக்கே கேட்கும், "நல்ல வேள, பெரியத்தான் கடைசி நேரத்துல சுதாரிச்சாவ. மொதல்ல மாட்டுத் தோலையில்லா வைக்கதா இருந்துச்சாம்? அடி ஆத்தி. பூசை ரூமுக்குள்ள எப்படிட்டி போவ? ஒன்னைக் கட்டுதவன் வீட்டுல தெரிஞ்சா? எம் மக மனசை மாத்திக்கிட்டா, இரும்பே வைங்கன்னு டாக்டர்ட்ட போயிச் சொன்னாவளாம். அதான் அப்பான்னுதது." சித்தப்பா, "ஏ, நீ சும்மா இரு" என்றார். அவள் "நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றாள். இல்லை சித்தி, நீங்கள் ஒருத்திதான் உண்மை சொன்னீர்கள். பனிமயம் பெரியம்மா அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா, மாடு வச்ச நாங்க மாதா கோயிலுக்குப் போவலாமா, இல்ல அங்கயும் வெளியே கட்டிப்போட்ருவாங்களா?" என்று கேட்டாள். சித்தி ஆப்பிளைப் பைக்குள் திருப்பி வைத்து, மறுபடி வெளியே எடுத்தாள். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. எம் மக மனசை மாத்திக்கிட்டா. மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு மனசு இருந்ததாகவாவது ஒத்துக்கொண்டாரே. என் வாயை எடுத்துத் தன் முகத்தில் ஒட்டிக்கொண்டு என் குரலில் பேசியிருக்கிறார். அன்று ராத்திரி முழுக்க என்று சொல்ல மாட்டேன், அப்போதிருந்து இப்போது வரைக்கும் அந்த ஒரு வரிதான், எம் மக மனசை மாத்திக்கிட்டா டிக் எம் மக மனசை மாத்திக்கிட்டா டிக்.

வீட்டில் கூடத்து மூலையில் காவி உறை போட்ட மிருதங்கம். மார்கழி பஜனைக்கு அப்பாதான் வாசிப்பார், மடியில் சாய்த்து வைத்து. சின்னப் பிள்ளையில் இடது பக்கத்துக்கு ரவை பிசைந்து கொடுப்பது என் வேலை, நன்றாகப் பிசைந்து அப்பினால்தான் அந்தப் பக்கம் அடிவயிற்றிலிருந்து பேசும். இதைச் சாமி முன்னால வாசிக்கலாமாப்பா என்று கேட்டிருக்கிறேன். வலது பக்கம் பசு, ஆடு, இடது பக்கம் எருமை என்று வார் பிடிக்க வருகிறவர் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அதனால் கேட்டேன். அப்பா சொன்னார், "சாமி முன்னால வந்துட்டா எல்லாம் சுத்தந்தாம்ட்டி." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் என் கட்டில் அந்த மூலையைப் பார்க்கத்தான் போட்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, எலும்பு கூடுகிற வரை மல்லாந்துதான், தலையை மட்டும் திருப்பினால் அது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஏறியது. சாமி முன்னால் அது சுத்தம், நான் மட்டும் எந்தக் கணக்கு. அம்மாவிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எனக்கு நிறைய ஆகாது, கீரை கூடிப்போனால் மாத்திரை வேலை செய்யாது, எனக்கு ஒரு கரண்டி அளந்துதான். "அப்பா செஞ்சா யோசிச்சுத்தாம்மா செய்வாவ" என்றாள். தலை நிமிரவில்லை. அந்த மாத்திரையால் பல் விளக்கினால் ஈறில் ரத்தம். கத்தரிக்காய் நறுக்கும்போது விரலில் ஒரு கீறல், அது பாட்டுக்கு வருகிறது, துணியை நனைத்துக்கொண்டு வருகிறது, நிற்க மனமில்லாமல். மாதாமாதம் வருவதும் அப்படித்தான், அந்த நாட்களில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், அப்பா பேரீச்சம்பழம் வாங்கி வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிவிட்டு, அந்தத் தோல் செருப்பையும் சேர்த்துக் கழுவிவிட்டு வருகிறார். கொட்டையை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்.

"தின்னுட்டி. கைல வச்சிக்கிட்டே இருக்க." சுளைகள் உள்ளங்கைச் சூட்டில் வாடிவிட்டன. இன்றைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டியதை வீட்டிலிருந்து நெஞ்சுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளை பெற முடியுமா முடியாதா. இதை அப்பா பக்கத்தில் இருக்கும்போது என்னால் கேட்க முடியாது. கேட்டால் அவர்தான் பதில் சொல்வார், டாக்டரும் அவரைப் பார்த்துத்தான் சொல்வார், போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான், மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாளா, சாப்பிடுதா சார், மூச்சு வாங்குதா, இல்ல சார், தூங்குறாளா, நல்லாத் தூங்குதா சார், நான் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு எக்ஸ்ரே மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. "அப்பா, மிருதங்கம் என்ன தோலு?" நார் உரிக்கிற விரல் நின்றது. "எதுக்குட்டி இப்போ?" "சும்மா கேக்கேன்." "அது... மாடு, எருமை, எல்லாந்தான் இருக்கும்." "அதை மடியில வச்சிக்கிட்டுத் தேவாரம் வாசிக்கீங்க." எதிரே தூங்குகிற பையன் புரண்டு படுத்தான். "சித்தி சொன்னாளாக்கும்" என்றார். நான் ம் சொல்லவில்லை. "அது வேறட்டி. அது வெளிய இருக்கு. இது உள்ள. ரத்தத்தோட ரத்தமா. எனக்கு மனசு ஒப்பலை." "எனக்கு ஒப்புச்சே." "ஒனக்கு என்னட்டி தெரியும், அன்னைக்கு அந்த நேரத்துல ஒனக்குப் பயம், எதையோ ஒண்ணைச் சொன்ன." "நான் பயப்படல. நீங்கதான் பயந்தீங்க." என் குரல் உயரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு, சிலிண்டர் நாளைக்கு வந்துடும் சார் என்கிற அதே குரலில் இதைச் சொல்கிறேன். அவர் கையிலிருந்த தோலையெல்லாம் காகிதத்தில் போட்டு மடித்தார். மறுபடி பிரித்தார். "பதினஞ்சு வருசம் கழிச்சுத் திரும்ப நெஞ்சைப் பொளப்பாவளாம். அப்ப நான் இருப்பனா? ஒன்னைய யாரு தூக்கிட்டு அலைவா? எவன் வருவான்? அதையும் நெனச்சேன், கேட்டியா. அதையுந்தான் நெனச்சேன்." கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது, டிக் டிக் மட்டும் உள்ளே. எதுதான் உண்மை. மாடா, இதுவா. முதலில் மாடு வந்து அப்புறம் இது வந்ததா, இது இருந்து அதற்கு மாடு துணைக்கு வந்ததா, அவருக்கே தெரியாது, தெரியாமல்தான் என் நெஞ்சில் கை வைத்திருக்கிறார். வெறும் மாடு என்றால் நான் முழுசாக வெறுத்திருக்கலாம். அதற்கும் விடமாட்டேன் என்கிறார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றேன், "இதை எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே கேட்டு நானே இரும்புன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்லா. டாக்டர்ட்ட போயி நான் மாத்திக்கிட்டேன்னு ஏன் சொன்னீங்க? நான் எப்ப மாத்தினேன்?" அவர் தரையைப் பார்த்தார். கீழே விழுந்திருந்த ஒரு விதையை எடுத்துக் காகிதத்தில் போட்டார்.

"வடிவம்மை யாரு? உள்ள வாங்க" என்று அட்டெண்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா எழுந்துவிட்டார், பையை எடுத்து, பைலை எடுத்து, வேட்டியைச் சரிசெய்து, எல்லாம் ஒரே மூச்சில், பழக்கம். நான் பைலைப் பிடித்தேன். அவர் விடவில்லை, புரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க இருங்க." "இல்லட்டி, டாக்டர் ஏதாவது கேட்டா..." "என்னைத்தான கேப்பாரு. நீங்க இருங்கப்பா." வாடின சுளைகளை அவர் கையில் கொட்டிவிட்டுப் போனேன். டாக்டர் எபனேசர் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். "அப்பா வரலியாம்மா?" "வந்திருக்காரு. வெளிய இருக்காரு." உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தேன். பைலை மடியில் வைத்துக்கொண்டேன். "சார், நான் மனசை மாத்திக்கல." அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, முகத்தில் அது இறங்குவதைப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றினார். "முந்தின நாள் உங்கப்பா வந்து சின்ன டாக்டர்கிட்ட..." "எங்கப்பா வந்தாரு. நான் வரல. என்னை ஏன் சார் கேக்கல?" "அப்பா சொன்னா நீ சொன்ன மாதிரிதான்னு எடுத்துக்கிட்டேன்மா. தப்புதான்." "இனிமே எடுத்துக்காதீங்க சார்." இதையும் மெல்லத்தான் சொன்னேன். ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திறந்து மாற்ற முடியுமா என்று கேட்டேன். நன்றாக வேலை செய்கிற வால்வை எடுக்கக் கத்தி வைக்க மாட்டேன் என்றார், உயிரோடு விளையாட மாட்டேன் என்றார். சரி. அது முடிந்தது. தொண்டைக்குள் இன்னும் அந்தக் குழாய் இருக்கிற மாதிரி இருந்தது. "அப்ப எனக்குப் பிள்ளை?" அவர் கதவை ஒரு தடவை பார்த்தார், பழக்கம்தான் அவருக்கும், பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தே சொன்னார். "முடியவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா சும்மா நடக்காது. இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகாது. நீயா மாத்திரையை நிறுத்தினா வால்வுல ரத்தம் கட்டி உனக்கு ஆகாது. அதனால உண்டான பிறகு வரக் கூடாது, உண்டாகறதுக்கு முன்னாடி வரணும், கட்டிக்கிறவனையும் கூட்டிக்கிட்டு. மாத்திரைக்குப் பதிலா ஊசி போடுவோம், ஆஸ்பத்திரியும் வீடுமா இருக்கணும். அத்தனையும் செஞ்சாலும் உன் உயிருக்கு ஆபத்து இருக்கும். மறைக்கல. அதுக்கப்புறமும் வேணுமான்னு நீ சொல்லணும்." நீ சொல்லணும். நான் தலையாட்டவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன், அதற்கும் பதில் சொன்னார், நேரம் ஆயிற்று என்று அட்டெண்டர் கதவைத் திறந்து பார்த்தபோது, டாக்டர் அவரிடம் இருப்பா என்றார்.

வெளியே அப்பா பெஞ்சில் உட்காரவில்லை. கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார், உள்ளங்கையில் அந்தச் சுளைகளோடு, அதைக் கீழே போடவும் தெரியாமல் தின்னவும் தெரியாமல். எனக்கு இரக்கம் வந்தது. வந்தால் வரட்டும். கோபமும் அப்படியே இருந்தது, ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை. பைலுக்குக் கையை நீட்டினார். நான் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன், வெட்டுத் தழும்பு இழுத்தது. "என்னட்டி இவ்வளவு நேரம்? டாக்டர் என்ன சொன்னாரு?"

"எங்கிட்ட சொன்னாருப்பா."